நூலும் மணியும்: மழலையர் விரல்களுக்கான கோத்தல் பயிற்சி, ஒரு முழுமையான வழிகாட்டி

மூன்று வயதுக் குழந்தையின் ஒரு கையில் பெரிய மணியையும் மறு கையில் நூலையும் கொடுத்துவிட்டு, குறுக்கிடாமல் சற்று நேரம் அருகில் அமர்ந்து பாருங்கள். நூலின் நுனியைத் துளைக்குள் நுழைப்பதில் குழந்தை இரண்டு மூன்று முயற்சிகளில் வெற்றி பெற்றுவிடும். அதற்கு அடுத்த கணத்தில்தான் தடுமாறும். துளையின் மறுபக்கம் எட்டிப் பார்க்கும் நுனியைப் பிடிக்க வேண்டுமானால், அதுவரை நூலைத் தள்ளிக்கொண்டிருந்த விரல்கள் பிடியைத் தளர்த்தி மறுபக்கத்துக்கு வர வேண்டும். அவை வந்து சேரும்வரை மணியைத் தாங்கியுள்ள கை அசையாதிருக்க வேண்டும். பெரும்பாலான குழந்தைகள் இந்த இடத்தில்தான் மணியை நழுவவிடுகிறார்கள், நூல் பின்வாங்கிவிடுகிறது, முகம் சுருங்கிவிடுகிறது.

கோத்தல் என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடும் செயலுக்குள் நான்கு அசைவுகள் இருக்கின்றன: நுழைத்தல், கைமாற்றிப் பிடித்தல், இழுத்தல், மணியை நூலின் அடிவரை நகர்த்துதல். இவற்றுள் கடினமானது கைமாற்றம். ஆகவே பயிற்சியை எளிதாக்க விரும்புபவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது மணியின் அளவை அல்ல, நூலின் விறைப்பை. விறைப்பான குச்சி துளையைத் தாண்டி நீண்டு நின்று, விரல்கள் வந்து சேரும்வரை காத்திருக்கும். துவளும் நூல் காத்திருக்காது. குச்சியில் தொடங்கி, கம்பி, நுனி கெட்டியான நாடா, மெல்லிய நூல் என்று படிப்படியாக விறைப்பைக் குறைத்துக்கொண்டே செல்வதுதான் இந்த வழிகாட்டியில் சொல்லப்படும் முறையின் அடிப்படை. கடையில் வாங்கிய மணிப் பெட்டியை முதல் நாளே திறந்து கொடுத்துவிட்டு, குழந்தைக்கு ஆர்வமில்லை என்று அலுத்துக்கொள்ளும் பெற்றோர் பலரைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குழந்தைகளுக்கு ஆர்வம் இல்லாமல் இல்லை. முதல் படியே கிடைக்காமல் நேராக நான்காம் படியில் நிறுத்தப்பட்டவர்கள் அவர்கள்.

இந்த வயதில் கைக்குள் நடப்பது

வளர்ந்தவரின் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உள்ளன. பிறக்கும்போது அவை அனைத்தும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. பின்னர் ஒவ்வொன்றாக எலும்பாக இறுகத் தொடங்கி, எட்டாவதான பட்டாணி எலும்பு ஏறத்தாழ 9 முதல் 12 வயதுக்குள்தான் இறுகத் தொடங்குகிறது. மூன்று வயதுக் குழந்தைக்கு அவற்றுள் ஒருசிலவே உருவாகியிருக்கும். அந்த வயதில் நான்கு கோட்டுத் தாளும் பென்சிலும் கொடுத்து வரிவரியாக எழுதச் சொல்வது, இன்னும் முழுமையாகக் கட்டி முடியாத கையின் மீது பாரம் ஏற்றுவதாகும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதிரெதிராகக் கூடிப் பிடிக்கும் பிடி குழந்தைக்கு 9 முதல் 12 மாதங்களுக்குள்ளேயே வந்துவிடுகிறது. ஆனால் அந்தப் பிடியை அளவாக இறுக்கவும், வேண்டிய கணத்தில் தளர்த்தவும், மறு கையோடு இசைந்து இயக்கவும் பல ஆண்டுகள் தேவைப்படுகின்றன. கோத்தல் இந்த மூன்றையும் ஒரே செயலில் பழக்குகிறது. ஒரு கை தாங்க, மறு கை இயங்கும் இந்த வேலைப் பிரிவினையே பின்னாளில் தாளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எழுதவும், சட்டைப் பொத்தான் போடவும், கத்தரிக்கோலால் வெட்டவும் அடித்தளமாகிறது.

மழலையர் கல்வியின் முன்னோடிகள் இதை நன்கு உணர்ந்திருந்தார்கள். 1837இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க் ஊரில் தம் பள்ளியைத் தொடங்கிய ஃப்ரீட்ரிக் ஃபுரோபல், அட்டையில் துளையிட்டு அதில் வண்ண நூலால் தைப்பதைக் குழந்தைகளுக்கான கைவேலைகளுள் ஒன்றாக வைத்தார். பொத்தான், கொக்கி, நாடா ஆகியவை பொருத்தப்பட்ட சட்டங்களைக் குழந்தைகளின் கையில் கொடுத்த மரியா மாண்டிசோரி, 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்.

தொடங்கும் முன்: பாதுகாப்பு

இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சிறு பொருள்கள் மூச்சுக்குழாயை அடைக்கும் ஆபத்தைச் சோதிக்க, பொம்மைப் பாதுகாப்பு விதிகளில் 3.17 செ.மீ. விட்டமுள்ள ஓர் உருளை பயன்படுத்தப்படுகிறது. அதற்குள் முழுவதுமாக அடங்கிவிடும் எந்தப் பொருளும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஏற்றதன்று. நம் 10 ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மி.மீ.; அந்த நாணயத்தின் அளவே இருக்கும் ஒரு மணிகூட அந்த உருளைக்குள் விழுந்துவிடும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் கடையில் தேர்ந்தெடுப்பது எளிது. மூன்று வயது நிறைந்த பிறகும், எதையும் வாயில் வைக்கும் பழக்கம் விடாத குழந்தைக்கு இதே விதியைக் கடைப்பிடியுங்கள். வீட்டில் தவழும் தம்பியோ தங்கையோ இருந்தால், எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவதே வழி.

நம் ஊர்களில் விதைகளைக் கோத்து மாலை செய்யும் வழக்கம் உண்டு. அதில் குன்றிமணியைக் குழந்தைகளுக்கு ஒருபோதும் கொடுக்கக்கூடாது. சிவப்பும் கறுப்புமாகக் கண்ணைப் பறிக்கும் அந்த விதைக்குள் அப்ரின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. முழு விதையின் கடினமான தோல் அதை ஓரளவு அடைத்து வைக்கிறது, ஆனால் கோப்பதற்காகத் துளையிடும்போதும் குழந்தை கடிக்கும்போதும் அந்த அடைப்பே உடைந்துவிடுகிறது. ஆமணக்கு விதையும் அவ்வாறே விலக்கத்தக்கது. கோயில் மாலைகளில் வழக்கமாக இடம்பெறும் அரளிப்பூ, செடி முழுவதும் நஞ்சுடையது என்பதால் மழலையர் கைக்கு வேண்டாம். சிறு காந்த மணிகளையும், தண்ணீரில் ஊறி உப்பும் பசைமணிகளையும் வீட்டிலேயே வைக்காதிருப்பது நல்லது: விழுங்கப்பட்ட இரண்டு காந்தங்கள் குடலுக்குள் ஒன்றையொன்று ஈர்த்துப் பெருங்கேட்டை விளைவிக்கும், விழுங்கப்பட்ட பசைமணி உள்ளேயே உப்பிக் குடலை அடைக்கும்.

நூலின் நீளத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. குழந்தை ஒரே இழுப்பில் கையை நீட்டி முடிக்கக்கூடிய நீளம், அதாவது 30 முதல் 40 செ.மீ. போதும். அதைவிட நீளமான நூல் சிக்கிக்கொள்ளும் என்பதோடு, கழுத்தில் சுற்றிக்கொள்ளும் அபாயமும் அதில் உண்டு. கோத்து முடித்ததைக் கழுத்தில் அணிந்தபடி ஓடியாடவோ உறங்கவோ விடக்கூடாது. பயிற்சி நடக்கும் நேரம் முழுவதும் பெரியவர் ஒருவர் பார்வை எட்டும் தொலைவில் அல்ல, கை எட்டும் தொலைவில் இருக்க வேண்டும்.

இடமும் தட்டும்

விளிம்புள்ள எவர்சில்வர் தாம்பாளம் ஒன்றை எடுத்து, அதில் பருத்தித் துணியை விரித்துவிட்டால் மணிகள் உருண்டோடுவதும் கலகலவென்று ஓசை எழுப்புவதும் நின்றுவிடும். குழந்தை தரையில் சம்மணமிட்டு அமரலாம். அப்போது தாம்பாளத்தை ஒரு மனைப்பலகையின் மீது வைத்துக் கொடுங்கள். நாற்காலியில் அமர்ந்தால் பாதங்கள் தரையையோ ஒரு முக்காலியையோ தொட வேண்டும். கால்கள் தொங்கிக்கொண்டிருக்கும் குழந்தை உடலை நிலைநிறுத்துவதிலேயே பாதி ஆற்றலைச் செலவிட்டுவிடும். தோளும் முதுகும் நிலைபெறாமல் விரல்கள் நுட்பமாக இயங்குவதில்லை.

ஒரு முறைக்கு ஐந்தாறு மணிகளை மட்டும் தட்டில் வையுங்கள். கிண்ணம் நிறைய மணிகளைக் கண்டால் குழந்தை கோப்பதை விட்டுவிட்டு அள்ளிக் கொட்டத் தொடங்கிவிடும். அதுவும் நல்ல விளையாட்டுதான் என்றாலும் நம் நோக்கம் அதுவன்று. மூன்று வயதில் ஐந்து முதல் பத்து நிமிடங்களும், நான்கு ஐந்து வயதில் கால் மணி நேரமும் போதுமானவை.

முதல் படி: நிற்கும் கோலில் வளையல்கள் (ஏறத்தாழ இரண்டரை வயது முதல்)

ஒரு சொம்பில் மணலை நிரப்பி, அதில் பூரிக்கட்டையைச் செங்குத்தாக ஊன்றுங்கள். பழைய பிளாஸ்டிக் அல்லது உலோக வளையல்கள் ஆறு எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி வளையல் கூடாது. ஒவ்வொன்றாக மேலிருந்து போடச் சொல்லுங்கள். இங்கு கைமாற்றம் என்பதே இல்லை. கண் இலக்கைக் காண, கை அங்கே சென்று, விரல்கள் விடுகின்றன. விடுதல் என்பதும் கற்க வேண்டிய ஒரு திறமை. ஒரு கையால் சொம்பைப் பிடித்துக்கொள்ளும்படி சொன்னால், தாங்கும் கைக்கான முதல் பாடமும் கூடவே தொடங்கிவிடும்.

அடுத்த வாரம் கோலை மெலிதாக்குங்கள். சப்பாத்தி மாவு உருண்டை ஒன்றைத் தட்டில் அழுத்தி, அதில் சீவாத புதுப் பென்சிலை நட்டு, தையற்கடையில் கேட்டால் மகிழ்ச்சியோடு கொடுக்கும் வெறும் நூற்கண்டுக் குழல்களை அதில் அடுக்கச் செய்யலாம். எந்த விலையுயர்ந்த விளையாட்டுச் சாமானையும்விட அந்தக் குழல்கள் இந்த வேலைக்கு நன்றாகப் பொருந்துகின்றன என்பது என் அனுபவம்: பிடிக்க வாகானவை, துளை அகன்றது, கீழே விழுந்தாலும் உடைவதில்லை.

இரண்டாம் படி: கையில் பிடித்த குச்சி (மூன்று வயது நிறைந்ததும்)

கோலை மாவிலிருந்து பிடுங்கிக் குழந்தையின் கையில் கொடுத்ததும் வேலையின் தன்மையே மாறிவிடுகிறது. இப்போது இரண்டு கைகளும் காற்றில் ஒன்றையொன்று தேடிச் சந்திக்க வேண்டும். தென்னை ஈர்க்கின் தடித்த பகுதியை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, இரு முனைகளிலும் செலோ டேப்பைச் சுற்றி மழுக்குங்கள். கோப்பதற்குக் காகித ஸ்ட்ராவை 3 செ.மீ. துண்டுகளாக வெட்டிக்கொள்ளலாம். பிளாஸ்டிக் ஸ்ட்ரா தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. இந்த வேலைக்கும் காகித ஸ்ட்ராவே சிறந்தது, ஏனெனில் அது வழுக்குவதில்லை.

ஈர்க்குக்குப் பிறகு, மென்பஞ்சு சுற்றிய கம்பியான பைப் கிளீனரைக் கொடுக்கலாம். எழுதுபொருள் கடைகளில் கிடைக்கும் இது, வளையும், ஆனால் துவளாது; மணி உள்ளே சென்றதும் பஞ்சு அதைப் பற்றிக்கொள்வதால் பின்வாங்கி விழுவதும் இல்லை. கம்பியின் இரு முனைகளையும் ஒரு செ.மீ. அளவுக்கு மடித்து முறுக்கிவிட மறக்காதீர்கள். அவை விரலைக் குத்தும்.

கைமாற்றத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய படி இதுதான். குழந்தையின் எதிரே அமராமல் பக்கத்தில், ஒரே திசையைப் பார்த்தபடி அமருங்கள். நீங்கள் ஒரு முறை, மிக மெதுவாக, பேசாமல் செய்து காட்டுங்கள். பேச்சும் கையும் ஒரே நேரத்தில் நடந்தால் குழந்தை முகத்தைப் பார்க்குமே தவிர விரலைப் பார்க்காது. இரண்டாம் முறை ஓரிரு சொற்கள் மட்டும் போதும்: “நுழை, பிடி, இழு.” இடக்கைப் பழக்கமுள்ள குழந்தைக்கு எதிரே அமர்ந்து செய்து காட்டினால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் எளிதாக இருக்கும். எந்தக் காரணத்துக்காகவும் கையை மாற்றச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

மூன்றாம் படி: நாடாவும் வீட்டு மணிகளும் (மூன்றரை வயது முதல்)

நுனியில் பிளாஸ்டிக் உறையுள்ள ஷூ லேஸ்தான் இதற்குச் சிறந்தது. அது இல்லையென்றால் பருத்தி நூலையோ மெல்லிய சணலையோ எடுத்து, நுனியில் 4 செ.மீ. நீளத்தை ஃபெவிகாலில் தோய்த்து, விரலால் முறுக்கி, இரவு முழுவதும் காயவிடுங்கள். காலையில் அது ஊசிபோல் விறைத்திருக்கும். குழந்தை வளர வளர அந்த விறைத்த பகுதியை 4 செ.மீட்டரிலிருந்து 3, 2 என்று குறைத்துக்கொண்டே வரலாம். நூலின் மறுமுனையில் ஒரு மணியைக் கட்டி நிறுத்திவிடுங்கள். அந்தக் காவல் மணி இல்லாமல், பத்து மணி கோத்த குழந்தை நூலைத் தூக்கிக் காட்டும்போது அத்தனையும் சரிந்து விழும் காட்சியைப் போலக் கொடுமையானது இந்த வேலையில் வேறொன்றும் இல்லை.

மணிகளை வீட்டிலேயே செய்யலாம். பழைய மாதக் காலண்டரின் தடித்த தாளை, அடிப்பகுதி 3 செ.மீ. அகலமும் நீளம் 25 செ.மீட்டரும் கொண்ட நீள்முக்கோணங்களாக வெட்டுங்கள். அகன்ற முனையைப் பென்சிலின் மீது வைத்து இறுக்கமாகச் சுருட்டி, கூர்முனையை மைதாப் பசையால் ஒட்டி உருவினால், நடுவில் பருத்து ஓரங்களில் ஒடுங்கிய அழகான மணி கிடைக்கும். செய்தித்தாளைத் தவிர்ப்பது நல்லது; அதன் மை ஈரக் கையில் ஒட்டி வாய்க்குச் செல்லும். விரல்களில் மாட்டிக்கொண்டு நாமெல்லாம் சிறுவயதில் தின்ற குழல் அப்பளம், பொரிக்காத நிலையில், அருமையான கோக்கும் பொருள், வண்ணங்களும் உண்டு. உடைந்து கூரான துண்டுகளைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள், விளையாடியவற்றைப் பின்னர் பொரிக்க வேண்டாம்.

இந்தப் படியில் கைமாற்றம் பழகிவிட்டால் வண்ண வரிசைகளைத் தொடங்கலாம். முதலில் நீங்கள் சிவப்பு, மஞ்சள், சிவப்பு, மஞ்சள் என்று நான்கு மணிகளைக் கோத்து வைத்துவிட்டுக் குழந்தையைத் தொடரச் சொல்லுங்கள். கை இன்னும் தடுமாறிக்கொண்டிருக்கும் குழந்தையிடம் வரிசையையும் எண்ணிக்கையையும் புகுத்தினால் இரண்டும் கெடும். ஒரு நேரத்தில் ஒரு சுமைதான்.

நான்காம் படி: துளை அட்டையில் தையல் (நான்கு வயது முதல்)

வீட்டில் குவிந்து கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளுக்கு இதைவிட நல்ல பயன் இல்லை. இரண்டு அட்டைகளைச் சேர்த்து ஒட்டி, மாங்காய், மீன், அரசிலை போன்ற எளிய வடிவங்களாக வெட்டுங்கள். ஓரத்திலிருந்து 1 செ.மீ. உள்ளே, 2 செ.மீ. இடைவெளியில், காகிதம் துளைக்கும் பஞ்ச் கருவியால் துளையிடுங்கள். அதன் துளை ஏறத்தாழ 6 மி.மீ. இருக்கும், ஷூ லேஸ் தாராளமாகச் செல்லும். முதல் அட்டையில் எட்டுத் துளைகளுக்கு மேல் வேண்டாம். நாடாவின் ஒரு முனையை அட்டையின் பின்பக்கம் டேப்பால் ஒட்டிவிடுங்கள்.

இதில் இரண்டு வகைத் தையல் உண்டு. ஒரே பக்கமிருந்து நுழைத்து, ஓரத்தைச் சுற்றிவந்து மறுபடியும் அதே பக்கமிருந்து நுழைப்பது சுற்றுத் தையல். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே என்று மாறி மாறிச் செல்வது ஓட்டத் தையல். பெரியவர்களுக்கு ஓட்டத் தையலே எளிது என்று தோன்றும். மழலையருக்கு நேர்மாறாக, எப்போதும் ஒரே பக்கம் நுழைக்கும் சுற்றுத் தையலே முதலில் கைகூடுகிறது. ஓட்டத் தையலைத் தொடங்கும்போது, மேலிருந்து நுழைக்க வேண்டிய துளைகளைச் சுற்றி மட்டும் ஒரு வண்ண வட்டம் வரைந்து கொடுங்கள். குழந்தை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைத் தடுக்காதீர்கள். பின்பக்கத்தில் நூல் எங்கே போயிற்று என்று தேடுவதில்தான் உள்ளும் வெளியும் குறித்த அறிவு பிறக்கிறது.

ஐந்தாம் படி: பூக்கள் (நான்கரை வயதுக்கு மேல்)

நம் மொழியில் பூவைத் தொடுப்பதும் கோப்பதும் வேறு வேறு. நாரில் முடிச்சிட்டு மல்லிகையைத் தொடுப்பதற்கு விரல்கள் இன்னும் சில ஆண்டுகள் முதிர வேண்டும். கோத்தல் இப்போதே முடியும். நூலே தேவைப்படாத இட்லிப் பூவிலிருந்து தொடங்குங்கள்: பூவின் நீண்ட காம்புக் குழலை மற்றொரு பூவின் வாய்க்குள் செருகி, அதைப் பிறிதொன்றில் செருகி, வளையமாக்குவது. அதிகமாக அழுத்தினால் குழல் மடங்கிவிடும், குறைவாக அழுத்தினால் நழுவிவிடும். அளவான அழுத்தத்தை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் பொருளை நான் கண்டதில்லை. விடியற்காலையில் தரையில் உதிர்ந்து கிடக்கும் பவழமல்லியின் செங்காவி நிறக் குழலை, ஈர்க்கின் மெல்லிய நுனியிலோ விறைத்த நூலிலோ கோக்கலாம். பிறகு சாமந்தி. அதற்கு ஊசி தேவை. முனை மழுங்கிய பெரிய பிளாஸ்டிக் ஊசியில் இரட்டை நூலைக் கோத்து முடிச்சிட்டு, நீங்கள் பக்கத்தில் அமர்ந்து, காம்பு நறுக்கிய பூவின் நடுவில் குத்தச் சொல்லுங்கள். ஊசியைப் பிடித்த கை உடலிலிருந்து விலகும் திசையிலேயே இழுக்க வேண்டும் என்பதை முதல் நாளே பழக்கிவிடுங்கள்.

தடைகள் வரும்போது

மணி மீண்டும் மீண்டும் நழுவினால் குறை கையில் அல்ல, நூலில் இருக்கிறது. ஒரு படி பின்னே சென்று விறைப்பான பொருளைக் கொடுங்கள். குழந்தை விரல்களால் துளையையே மூடிக்கொண்டு பிடித்தால், மணியைப் பக்கவாட்டில் பிடிக்கும்படி ஒரு வண்ணப் புள்ளியை இட்டுக் கொடுங்கள். முழு முட்டியால் நூலைப் பற்றினால், சிறு பஞ்சுருண்டை ஒன்றை மோதிர விரலாலும் சுண்டு விரலாலும் உள்ளங்கையில் அழுத்திக்கொள்ளச் செய்யுங்கள்; மிச்சமிருக்கும் மூன்று விரல்கள் தாமாகவே வேலைக்கு வந்துவிடும். தோள்கள் காதை நோக்கி உயர்ந்தால் குழந்தை களைத்துவிட்டது என்று பொருள், அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். குழந்தையின் கையைப் பிடித்து நீங்களே கோத்து முடிப்பது மட்டும் வேண்டாம். அப்படிக் கோத்த மாலை பெரியவருடையது என்பது குழந்தைக்குத் தெரியும்.

நான்கு வயது நிறைந்து, பல வாரப் பயிற்சிக்குப் பிறகும் பெரிய மணிகளைக்கூடக் கோக்க இயலாத குழந்தையையும், ஒரு கையை ஏறக்குறைய பயன்படுத்தாமலே இருக்கும் குழந்தையையும் குழந்தை மருத்துவரிடம் காட்டி, தேவையெனில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டின் ஆலோசனையைப் பெறுவது அவசியம். பார்வைக் குறைபாடும் இப்படித் தோன்றக்கூடும் என்பதால் கண் பரிசோதனையையும் சேர்த்துச் செய்துவிடுங்கள்.

கோத்து முடித்ததைப் பிரிப்பதும் பயிற்சியில் பாதி என்று கொள்ளுங்கள். ஒவ்வொரு மணியையும் உருவி, வண்ணவாரியாகக் கிண்ணங்களில் இட்டு, எண்ணி, மூடிவைக்கும் வேலையைக் குழந்தையே செய்யட்டும். ஒவ்வொரு படியிலும் அது தானாகக் கோத்த முதல் சரத்தை மட்டும் பிரிக்காமல், தேதி எழுதிய துண்டுத்தாளோடு ஓர் உறையில் போட்டு வையுங்கள். அடுத்த படிக்கு எப்போது செல்லலாம் என்பதை அந்த உறைகளை அடுக்கிப் பார்த்தே சொல்லிவிடலாம்.